வெள்ளிக்கிழமை என்று சொன்னேன்

இராயபுரத்தில் நான் குடியிருக்கும் மாடியறையின் ஜன்னலுக்குக் கீழே நின்று, நாள் தவறாமல் யாராவது ஒருவர் என்னிடம் தேதி கேட்பார். மணி கேட்பதில்லை. மணியைத் துறைமுகத்துச் சங்கு சொல்லிவிடுகிறது. "சிலோன் சாரு! இன்னிக்கு இன்னா தேதி?" என்று தெருவிலிருந்து குரல் வரும். நான் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்துவிட்டு எட்டிப் பார்த்துச் சொல்வேன். கேட்டவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். வந்த புதிதில் இது எனக்கு விளங்கவேயில்லை. எங்கள் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் ஒருவர் மற்றவரிடம் தேதி கேட்பது, வேட்டி கட்ட மறந்து தெருவுக்கு வந்ததைப் போன்றது. இங்கே அதில் வெட்கம் இல்லை. இத்தெருவின் கடைசியில் இருக்கும் மீனவர் குப்பத்தில் பிறை எத்தனை நாள் வயதுடையது என்று சிறு பிள்ளையும் சொல்லும். கடல்நீர் இன்று தெற்கே ஓடுகிறதா வடக்கே ஓடுகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ஆங்கிலத் தேதி மட்டும் வெளியாருடைய சாமான். கோர்ட்டுச் சம்மனுக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும் கப்பல் வரவுக்கும் அது தேவைப்படும்போது, வெளியாளான என்னிடம் வந்து கேட்டு வாங்கிக்கொள்வார்கள். தண்ணீருக்குக் குழாயடி போல, தேதிக்கு நான்.

இந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். என் தகப்பனார் நொத்தாரிசு. காணி உறுதிகள், அதாவது நிலப் பத்திரங்கள், எழுதுவது அவர் தொழில். ஒவ்வொரு உறுதியும் தேதியில்தான் தொடங்கும். "தேதி பிழைச்சால் உறுதி பிழைச்சுது" என்று அவர் எங்களுக்குச் சொல்லாத நாள் இல்லை. எழுத்துக்கூட்டப் பழகிய காலத்திலிருந்து நான் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். முதல் மழை, மாமரத்தில் முதற்பூ, வீட்டுப் பசு கன்று போட்டது, எல்லாவற்றுக்கும் நாள் உண்டு. சென்னைச் சர்வகலாசாலையில் சரித்திரம் படித்துப் பி.ஏ. பட்டம் பெற்று, பிறகு சட்டம் படித்துப் பெரக்கிராசி வக்கீலாக ஊர் திரும்ப வேண்டும் என்பது ஐயாவின் ஏற்பாடு. தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் ரயிலேறி வந்து சேர்ந்தேன். சரித்திரம் எனக்கு ஒவ்வாத பாடமும் அல்ல. தேதிகள் நிறைந்த பாடத்தை நான் எப்படி வெறுப்பேன்?

என்னைக் கெடுத்தது கடற்கரை. உள்நாட்டுப் புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான். ஒரு வலை கரைக்கு வந்து விரிவதை இராயபுரத்தில்தான் முதலில் பார்த்தேன். பாதி உயிர்களுக்கு எனக்குப் பெயர் தெரியாது. தெரிந்த பெயரும் இங்கே செல்லாது. நாங்கள் அறக்குளா என்பதை இவர்கள் வஞ்சிரம் என்கிறார்கள். ஒரு புது நோட்டு வாங்கினேன். எந்த நாள், எந்த மீன், எத்தனை முழம், வயிற்றில் முட்டை உண்டா இல்லையா என்று எழுதத் தொடங்கினேன். ஒரு வருஷத்தில் நோட்டு நிறைந்து இரண்டாவது நோட்டும் பாதியாயிற்று. சரித்திர வகுப்பில் அமர்ந்துகொண்டு, முற்றத்துக்கு அப்பால் சயன்ஸ் கட்டடத்தின் ஜன்னல்களில் வரிசையாக நிற்கும் கண்ணாடி ஜாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இண்டர்மீடியட்டில் இயற்கை நூல் படித்தவன்தான். பிராணி சாஸ்திரப் பிரிவுக்கு மாற எனக்குத் தகுதி உண்டு. இல்லாதது இடம். ஆய்வுக்கூடத்து மேசைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை.

என் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தவனுக்கும் அதே கதைதான். அவன் பெயர் எத்திராஜ். குப்பத்துப் பிள்ளை. அங்கிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். இயற்கை நூலில் நல்ல மார்க்கு வாங்கியும் மேசை இல்லாததால் சரித்திரத்தில் உட்கார வைக்கப்பட்டவன். அதிகாலையில் தகப்பனாரோடு கட்டுமரம் தள்ளிவிட்டு, தலைமயிரில் உப்போடு, இரண்டாம் மணி அடிக்கையில் வகுப்புக்கு ஓடி வருவான். அவன் தாயார் அஞ்சலையம்மாள் எங்கள் தெருவில் மீன் விற்பவர். ஜன்னலடியில் தேதி கேட்கும் குரல்களில் மிகப் பெரியது அவருடையது. என் நோட்டில் இருக்கும் மீன் பெயர்களில் பாதி அவர் வாயிலிருந்து வந்தவை. எத்திராஜ் எனக்குத் தோழன். ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பின்வாங்கு, அதாவது கடைசிப் பெஞ்சுதான் என்பது வாசகர்களுக்குத் தெரியும். அந்த வாங்கு வரிசையை நான் கப்பலில் விட்டுவிட்டு வரவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். அது பின்னால்தான் எனக்கே தெரிந்தது.

ஆனி கடைசியில் ஒரு செய்தி பரவியது. பிராணி சாஸ்திர வகுப்பு மாணவர் ஒருவர் படிப்பை விட்டு ரங்கூனுக்குப் போகிறார். ஒரு மேசை காலியாகும். மாற விரும்புகிறவர்கள் கார்டியன் கையெழுத்தோடு விண்ணப்பிக்கலாம். நான் அன்றே ஒரு பாரம் வாங்கி, நாலு பக்கம் காரணம் எழுதி, ஐயாவுக்குத் தபாலில் அனுப்பினேன். என் கடிதமும் நான் வந்த வழியே போக வேண்டும்: ரயில், கப்பல், மறுபடி ரயில். திரும்பி வருவதும் அப்படியே. ஐயா கையெழுத்துப் போடுவாரா என்பது வேறு. எத்திராஜ் எழுந்து நின்று கூப்பிட்டால் அவன் தகப்பனுக்குக் கேட்கும். நான் அவனைக் கண்டு எரிந்தது முதலில் அந்தத் தூரத்துக்காகத்தான்.

ஆடி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிராணி சாஸ்திரப் பேராசிரியர் ஒரு வெள்ளைக்காரர். ஞாயிறுதோறும் தொப்பியும் பையுமாகக் கடற்கரையில் சிப்பி பொறுக்கப் போவார். அன்று அவர் வருவார் என்று தெரிந்தே நான் நோட்டோடு போய் நின்றேன். எத்திராஜின் தகப்பனார் முனுசாமியின் வலையில் பெரிய திருக்கை ஒன்று வந்திருந்தது. நான் நூல்நிலையத்தில் பார்த்து வைத்திருந்த லத்தீன் பெயரை உரக்கச் சொன்னேன். பேராசிரியர், "ஆமாம், ஆமாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆனால் திரும்பவில்லை. அவர் எத்திராஜின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மீனின் வயிற்றைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு, "நைனா, குட்டி கீது" என்றான். சின்னக் கத்தியால் ஒரே கோடு. உள்ளே வாலைச் சுருட்டிக்கொண்டு ஐந்து குட்டிகள், ஒன்றின்மேல் ஒன்றாக, மடித்து வைத்த கைக்குட்டைகளைப் போலிருந்தன. பேராசிரியர் ஈர மணலில் முழங்காலிட்டுவிட்டார்.

"துரைக்குத் திருக்கன்னா உசுரு போலகீது. ரெண்டு குடுத்தனுப்பு, வறுத்துத் துன்னட்டும்" என்றார் முனுசாமி.

"அப்டியே குடுக்காத, மஞ்சா தடவிக் குடு. துரை வூடு நாறிப்பூடும்" என்றார் அஞ்சலையம்மாள்.

எத்திராஜ் இதை மொழிபெயர்க்கவில்லை. பேராசிரியரோ, ஒரு மீனவர் சாஸ்திரத்துக்காகத் தம் பொருளைத் தானமாகத் தருகிறார் என்று எண்ணி, தொப்பியைக் கழற்றி முனுசாமிக்கு வணக்கம் சொன்னார். ஒரு குட்டியைத் தாம் எடுத்துக்கொண்டு, இன்னொன்றைச் சாராயத்தில் போட்டு வைக்கும்படி எத்திராஜிடம் கொடுத்தார். நான் என் நோட்டில் கிழமையும் தேதியும் எழுதினேன். எழுதும்போது பென்சில் முனை ஒடிந்தது.

மறுநாள் திங்கட்கிழமை பலகையில் அறிவிப்பு வந்தது. விண்ணப்பங்கள் புதன்கிழமை மாலை நாலு மணிக்குள் சேர வேண்டும். ஐயாவின் கடிதம் இன்னும் வரவில்லை. பலகையின் முன் நான் நெடுநேரம் நின்றேன். அன்று மாலை டிராம் விட்டு இறங்கி நடக்கும்போது எத்திராஜ் கேட்டான்.

"ஏன்டா சிலோன், அந்த சயன்ஸு பாரம் குடுக்க கடேசி நாளு இன்னாடா? பலகையில போட்டுட்டாங்கோன்றானுங்கோ. நா பாக்கல."

"ஓம், போட்டிருக்கு. வெள்ளிக்கிழமை."

"வெள்ளியா?"

"வெள்ளி."

வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் அவன் மறுநாள் போய்ப் பலகையைப் பார்த்திருப்பான். என்னிடம் கேட்டதால் பார்க்க மாட்டான். அதை அறிந்துதான் சொன்னேன். எனக்கு இல்லையென்றால் அவனுக்கும் இல்லாமல் போகட்டும் என்பதைத் தவிர அதில் வேறு கணக்கு இல்லை. அறைக்கு வந்து, வழக்கப்படி அதே மீன் நோட்டைத் திறந்து, அன்றைய தேதியிட்டு, 'எத்திராஜிடம் வெள்ளி என்று சொன்னேன். பலகையில் புதன்' என்று எழுதினேன். நடந்ததை எழுதாமல் விட எனக்குப் பழக்கம் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவன் பிற்பகல் வகுப்பில் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் என் மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. எத்திராஜ் வியர்வையில் நனைந்து நின்றான்.

"ஒய் சிலோன்! எந்தக் கண்ணால பலகைய பாத்தே? வெள்ளி இல்லடா, நாளிக்கு! நாளிக்கு நாலு மணியோட சரி!"

நான் அவன் முகத்தில் கோபத்தைத் தேடினேன். கோபம் இருந்தது. ஆனால் அது, தெருவில் வண்டிக்குக் குறுக்கே போன பிள்ளையை இழுத்துவிட்டுத் திட்டுகிறவனின் கோபம்.

"நீ… குடுத்திட்டியா?"

"குடுத்தாச்சு, குடுத்தாச்சு. நாளிக்கு வெடிகாலைல நைனாவுக்கும் எனக்கும் காப்பு கட்றாங்கோ. கட்டிட்டா எல்லை தாண்டக்கூடாது, தெரியுமில்ல? வெள்ளிக்கெழம அம்மனுக்குக் கூழ் ஊத்தனப்பறந்தான் அவுப்பாங்கோ. நீ பாட்டுக்கு வெள்ளின்னுட்டே, நா எங்கேந்து வர்றது? அதான் இன்னிக்கே போயி நீட்டிட்டேன். கிளார்க்கு சிரிக்கிறாரு, நாளையோட கதவு சாத்தறோம், நல்ல நேரம்டான்னு. எனக்கு ஒன் நெனப்புதான் வந்துச்சு. வெள்ளி வெள்ளின்னு குந்திகினு கீறானே பேமானின்னு, டிராமுக்குக்கூட நிக்காம ஓடியாறேன்."

ஒரு வருஷமாக அந்தத் தெருவில் இருந்து, மீன் முட்டைக்குக்கூட நாள் குறித்தவன் நான். ஆடியில் காப்புக் கட்டுவார்கள் என்பதும், கட்டியவர் ஊர் எல்லைக்குள் அடைபட்டவர் என்பதும் என் நோட்டில் இல்லை. என் பொய் அவனைத் தடுக்காமல் முந்திக்கொள்ளச் செய்தது. நான் புதன் என்று உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவன் இன்றுதான் போயிருப்பான். எப்படிப் பார்த்தாலும் அவன் தப்பியிருந்தான். அம்மன் அவனைக் காப்பாற்றினாள் என்று அவன் சொல்லட்டும். எனக்கு அப்போது தோன்றியதெல்லாம், கடவுள்கூட இவனுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறார் என்பதுதான்.

என் பாரம் யாழ்ப்பாணத்தில் கிடக்கிறது என்றேன். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு வெற்றுப் பாரத்தை எடுத்தான். ஒன்று கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று இரண்டு வாங்கியிருந்தானாம். "இத்த படி. தாயார் தகப்பன், இல்லாங்காட்டி உள்ளூர்ல கீற கார்டியன். போட்டுகீதா இல்லியா? வா, நைனாகிட்ட போவோம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினான்.

முனுசாமி வீட்டு வாசலில் வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். அஞ்சலையம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அடி ஆத்தா! தேதி சொல்ற சாருக்கே தேதி தவறிப்போச்சா?" என்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன்.

"நா இவுருக்கு இன்னா மொற? அது தெரியாம வெரல வெக்கலாமா?" என்றார் முனுசாமி.

"கார்டியன் நைனா."

"அப்டின்னா?"

"அப்பன் இல்லாத ஊர்ல அப்பன்."

"ஓகோ. அப்டின்னா ரெண்டு வெரலா வெச்சுடட்டா?"

என் பேனா மையை அவர் கட்டைவிரலில் நானே தடவினேன். கயிறு அறுத்து அறுத்து அந்த விரலில் ரேகைகளைவிட வடுக்கள் அதிகம். காகிதத்தில் அழுத்தியபோது நடுவில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. மறுநாள் பகலில் அந்தப் பாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை குப்பத்தில் கூழ் ஊற்றினார்கள். எத்திராஜ் மஞ்சள் வேட்டியும் காப்புமாக வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தான். நான் கையில் சொம்போடு நின்றபோது தபால்காரர் என்னைத் தேடி அங்கேயே வந்தார். ஐயாவின் உறை. உள்ளே என் பாரம். 'மகன் சரித்திரத்தை விட்டு விலகுவதில் எனக்கு உடன்பாடில்லை. எனினும் அவன் விருப்பமாகையால் ஒப்பமிடுகிறேன்' என்று உறுதி எழுதும் அதே கையெழுத்தில் எழுதி, ஒப்பமிட்டு, கீழே தேதி போட்டிருந்தார். நான் நோட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அது நான் டிராம் விட்டு இறங்கி நடந்த திங்கட்கிழமை. என் பொய் உண்மையாக இருந்திருந்தால், வெள்ளிதான் கடைசி நாளாக இருந்திருந்தால், என் தகப்பனாரின் கையெழுத்து உரிய நேரத்தில் வந்து சேர்ந்திருக்கும். அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கூழைக் குடித்தேன். சின்ன வெங்காயமும் கருவாடும் போட்டிருந்தார்கள். நன்றாகவே இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை எங்கள் இருவரையும் பேராசிரியர் ஒன்றாகக் கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு பாரங்களையும் அருகருகே வைத்திருந்தார். இரண்டிலும் ஒரே விரல், ஒரே வெள்ளைக் கோடு. அவர் வியப்போடு நிமிர்ந்து, "நீங்கள் சகோதரர்களா? இது எனக்குத் தெரியாதே" என்றார். எத்திராஜ் பல்லைக் காட்டினான். நான் கேள்வி முடியும் முன்பே, "இல்லை, ஐயா" என்றேன். அவ்வளவு வேகமாக நான் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை.

தமிழ் வாசிக்கத் தெரியாதவராகையால், லத்தீன் பெயர்களையும் எண்களையும் பார்த்து என் நோட்டுகளை அவர் பொறுமையாகப் புரட்டினார். மெச்சினார். பிறகு, திருக்கை வந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் விரலை வைத்து, அன்று நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் எழுதியிருக்கவில்லை. வேறு பக்கங்களிலும் இல்லை. அதே கேள்வியை எத்திராஜிடம் கேட்டார். "தெண்டி, சார்" என்றான் அவன். தெற்கிலிருந்து வடக்கே ஏறி வரும் தண்ணீருக்கு இங்கே அதுதான் பெயர். அந்தத் தண்ணீர் நாலு நாள் சேர்ந்தாற்போல் ஓடினால் சினைத் திருக்கை கரையோரம் வரும் என்றும், வடக்கேயிருந்து ஓடும் வன்னித் தண்ணீரில் எதிர்பார்க்க வேண்டாம் என்றும், தேதி ஒன்றுகூடச் சொல்லாமல் கால்மணி நேரம் பேசினான். இடம் அவனுக்குத்தான் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. பேராசிரியர் என்னிடம் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்து, "நீ மிக நல்ல சரித்திர ஆசிரியனாக வருவாய்" என்றார். மனதாரச் சொன்னார். அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்று மாதம் ஆகிறது. ஐயாவுக்கு இடம் கிடைக்கவில்லை என்று எழுதினேன். எல்லாம் நன்மைக்கே என்று பதில் வந்தது. எத்திராஜிடம் எதுவும் சொல்லவில்லை. இக்கட்டுரையை யாழ்ப்பாணத்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். இராயபுரத்தில் அதை வாங்குவார் இல்லை. சொல்ல வேண்டியவனிடம் சொல்லாமல், அவனை ஒருநாளும் காணப்போகாத உங்களிடம் சொல்கிறேன். கடல் கடந்து வாழ்கிறவர்களுக்கு இப்படி ஒரு வசதி இருக்கிறது. நாம் இங்கே ஒரு முகத்தையும் அங்கே ஒரு கடிதத்தையும் வைத்துக்கொள்ளலாம். ஜன்னலடியில் இன்றும் தேதி கேட்கிறார்கள். சொல்கிறேன். சொல்வதற்கு முன் இரண்டு முறை பார்க்கிறேன்.

போன வாரம் எத்திராஜ் ஒரு ஜாடியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைத் திருக்கைக் குட்டி. ஆய்வுக்கூடத்தில் வைப்பதற்குச் சீட்டு ஒட்ட வேண்டுமாம்.

"ஒன் எழுத்துதான்டா அழகு. நீ தேதி போடு, தண்ணிய நா சொல்றேன். அன்னிக்கு இன்னா தேதி?"

எனக்கு நினைவிருந்தது. ஆனாலும் என் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி அவன் ஒரு தேதியை வாங்கிக்கொள்வது எனக்குத் தாங்கவில்லை. நோட்டை எடுத்து விரித்தேன். இடப்பக்கம் ஞாயிறு. வலப்பக்கம் திங்கள். வலப்பக்கத்தின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, இடப்பக்கத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவன் குனிந்து படித்தான். என் கையைப் பார்த்தான். பிறகு, "சரி, எழுது" என்றான்.

எழுதினேன். மேல்வரியில் தேதி, கீழ்வரியில் அவன் சொன்னபடி, தெண்டி. எங்கள் ஊர்ப் பக்கமிருந்து வரும் தண்ணீர். இப்போது அந்த ஜாடி சயன்ஸ் கட்டடத்தின் மூன்றாவது ஜன்னலில் இருக்கிறது. சரித்திர வகுப்பில் என் இருக்கையிலிருந்து நேரே தெரியும். சீட்டு உட்புறம் திரும்பியிருப்பதால் என் கையெழுத்தை அங்கே இருக்கிறவர்கள்தான் படிக்க முடியும். எனக்குத் தெரிவது குட்டியின் வெளுத்த முதுகு மட்டுமே.